தாளிப்புக் கரண்டியில் உருகிய ஈயம்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆனி மாதம் தொடங்கி ஆடி முடிவதற்குள் நடந்தது இது. கோயமுத்தூரில் சிங்காநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு மாடி வீட்டில் அப்போது குடியிருந்தோம். அந்த இரண்டு மாதமும் எங்கள் ஊரில் காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடியில் போட்ட துணி அடுத்த வீட்டு மொட்டை மாடியில் கிடக்கும். ஜன்னலைத் திறந்தால் அடுப்பு அணைந்துபோகும். அதனால் சமையலறை ஜன்னலை ஆனியில் சாத்தினேன் என்றால் ஆவணியில்தான் திறப்பேன்.

நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைப்பவள். வாய் கொஞ்சம் நீளம். யாராவது ஒன்று சொன்னால் பதிலுக்கு ஒன்பது சொல்லாமல் விடமாட்டேன். என் கணவர் இதற்கு நேர் எதிர். பம்ப் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை வாங்குவதற்குள் இரண்டு ஜாக்கெட் தைத்துவிடலாம். வாரத்தில் ஆறு நாள் கம்பெனி, ஏழாவது நாள் தூண்டில் என்பதுதான் அவர் வாழ்க்கை. சூலூர்ப் பக்கம் குளத்துக்குப் போவார், சில சமயம் ஆழியாறு பக்கம் போவார். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீடு வெறிச்சோடிக் கிடந்தது.

அந்த நேரத்தில்தான் என் தங்கை வந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது அந்தியூர்ப் பக்கம். கல்யாணமாகி ஏழு வருடம். இரண்டு முறை உண்டாகி, இரண்டும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. மூன்றாவது முறை நாலாம் மாதம் பிறந்ததும் டாக்டர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை கோயமுத்தூர் வந்து காட்ட வேண்டும், பஸ்ஸில் அலையக் கூடாது என்று சொல்லிவிட்டார். "எங்கூட்ல இருக்கட்டும்" என்று நான்தான் அடம்பிடித்துக் கூட்டி வந்தேன். எங்கள் அம்மா போய் மூன்று வருடமாகியிருந்தது. அவளுக்குத் தாய் வீடு என்றால் அது என் வீடுதான். இந்தக் குழந்தையை முழுசாகப் பெற்று அவள் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வேறு நினைப்பே இல்லை.

அவளுக்கு எதைத் தின்றாலும் வாந்தி. ரசம் சோறு ஒன்றுதான் நின்றது. அதுவும் அம்மாவின் ஈயச் சொம்பில் வைத்த மிளகு ரசமாக இருக்க வேண்டும். அந்தச் சொம்பு என்னிடம்தான் இருந்தது. தினமும் இரண்டு வேளை ரசம் வைத்தேன்.

இனித் தூண்டில் கதைக்கு வருகிறேன். என் கணவர் விரால் பிடிக்க 'ஜிக்' என்று ஒன்றைப் போடுவார். ஒன்றுமில்லை, சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு ஈயக் குண்டு, அதில் பதித்த ஒரு தூண்டில் முள். முள்ளில் ரப்பர் வால் ஒன்றை மாட்டித் தண்ணீருக்குள் சுண்டிச் சுண்டி இழுத்தால் மீன்குஞ்சு துள்ளுவது போல இருக்குமாம். ஆனால் அடியில் கல்லோ வேரோ மாட்டினால் அது போனது போனதுதான். ஒவ்வொரு ஞாயிறும் நாலைந்து ஜிக்கைக் குளத்துக்குக் கொடுத்துவிட்டு, மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவார். பார்க்கப் பாவமாக இருக்கும்.

ஒருநாள் மொபைலில் ஒரு வீடியோவைக் காட்டினார். வெள்ளைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வெளியே ஒரு கொட்டகையில் உட்கார்ந்து தானே ஈயத்தை உருக்கி ஜிக் வார்க்கிறார். இங்கிலீஷ் கடகடவென்று போனதால் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கைவேலையை மட்டும் பார்த்தோம். அவர் முகத்தில் மாஸ்க், கையில் கிளவுஸ். "பாவம், கொரோனா நேரத்துல எடுத்ததாட்ட இருக்குது" என்றேன் நான். என் கணவரும் ஆமாம் என்று தலையாட்டினார். எங்கள் இருவரின் அறிவும் அவ்வளவுதான்.

அடுத்த வாரமே வேலையில் இறங்கிவிட்டார். டயர் கடையில் வீல் பேலன்ஸ் பார்க்கும்போது கழற்றிப் போடும் ஈயக் கட்டிகளைக் கேட்டு ஒரு பை நிறைய வாங்கி வந்தார். கோயமுத்தூரில் லேத் பட்டறை இல்லாத சந்து ஏது? தெரிந்த பட்டறையில் சொல்லி, அலுமினியத்தில் இரண்டு பாதியாக ஓர் அச்சுக் கடைந்து வாங்கினார். இரண்டு பாதியையும் சேர்த்து மூடினால் உள்ளே நாலு குண்டுக்கு இடம். மெழுகுவத்திப் புகையில் அச்சின் உள்பக்கத்தைக் கறுப்பாக்கி, முள்ளை அதனதன் பள்ளத்தில் வைத்து மூடி, மேலே இருக்கும் ஓட்டை வழியாக உருகிய ஈயத்தை ஊற்ற வேண்டும். புகைக்கரி இருந்தால் ஈயம் ஒட்டாமல் வரும்.

எல்லாம் சரி, எதில் உருக்குவது? அவர் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைத் திறந்து என் இரும்புத் தாளிப்புக் கரண்டியை எடுத்துக் கொடுத்தேன். நீளக் காம்பு, குழிந்த வாய், ஊற்றுவதற்குத் தோது. "முடிச்சதும் தேச்சு வெச்சுப்போடறேன்" என்றேன். அந்தக் கரண்டியை நான்தான் என் கையால் எடுத்துக் கொடுத்தேன்.

முதல் ஞாயிறு வார்த்ததில் பாதிக் குண்டுக்கு மூக்கில்லை, மீதிக்கு முதுகில்லை. அச்சுச் சூடேறாமல் ஊற்றினால் ஈயம் பாதி வழியிலேயே உறைந்துவிடும் என்று பிறகு தெரிந்துகொண்டோம். இரண்டாவது ஞாயிறு அதைவிடக் கூத்து. அச்சு கரியாக இருக்கிறதே என்று, சுத்தக்காரியான நான் அதைக் கழுவி வைத்திருந்தேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம் இருந்திருக்கிறது. ஈயத்தை ஊற்றியதும் பட்டாசு போலப் படீர் என்று மேலே சிதறியது. அவர் கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது. ஒரு துளி மீசையோரம் சுட்டுவிட்டது. சமையலறை வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் தங்கை, "மாமா, பாதி மீச போச்சு, மிச்சத்தையும் எடுத்துப்போடுங்க" என்று சொல்லிச் சிரித்தாள். அவர் நிஜமாகவே உள்ளே போய் மீசையை மழித்துக்கொண்டு வந்து நின்றார். நாங்கள் இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அதோடு ஈயத்தில் இருக்கும் ஆபத்து எல்லாம் எங்களுக்குத் தெரிந்துவிட்டதாக நினைப்பு. ஈரம் மட்டும் கூடாது, அவ்வளவுதானே?

மூன்றாவது வாரத்திலிருந்து கைபழகிவிட்டது. ஆற அமர ஊற்றுவார், நான் அச்சைத் திறந்து குறடால் தட்டி எடுப்பேன், பிசிறை அரம் வைத்துத் தேய்ப்பாள் தங்கை. அப்புறம் என் மகளின் பழைய நெயில் பாலிஷ் குப்பிகளை எல்லாம் பரப்பிக்கொண்டு ஒவ்வொரு குண்டுக்கும் வர்ணம் பூசுவாள். தீக்குச்சி நுனியால் கண் வைப்பாள். ஒன்றுக்கு மாறுகண், ஒன்றுக்குத் தூங்குமூஞ்சி. இடையிடையே மடியில் இருக்கும் பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொள்வாள். "இது எங்க மாமியா", "இது நம்ம அக்கா கோவமா இருக்கறப்ப" என்று ஒவ்வொன்றுக்கும் பேர் வைப்பாள். பேசாத என் கணவர்கூட அந்த நேரத்தில் நாலு வார்த்தை பேசுவார். ஏழு வருடமாக ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி வாடிப்போயிருந்த என் தங்கை, அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிக்கூடத்துப் பெண்ணாகவே மாறிவிட்டாள். ஜன்னல் சாத்திய அந்தச் சின்னச் சமையலறையில் மூன்று பேரும் முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். என் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அப்போதுதான். அந்த நாட்களை நினைத்தால் இன்றும் முதலில் வருவது சந்தோஷம், பயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

வேலை முடிந்ததும் கரண்டியைப் பவுடர் போட்டுப் பளபளவென்று தேய்ப்பேன். மறுநாள் காலையில் அதிலேயே நெய்யை ஊற்றிக் கடுகு தாளித்து, தங்கையின் ரசத்தில் கொட்டுவேன்.

ஆடி பாதி போனபோது ஒரு விபரீதம் நடந்தது. நான் துணி வாங்கப் போயிருந்தேன். பசி தாங்காமல் தானே ரசம் வைக்கலாம் என்று தங்கை அம்மாவின் ஈயச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டாள். ஈயச் சொம்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், உள்ளே புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீயைப் பற்ற வைக்க வேண்டும். அவள் தீயைப் பற்ற வைத்துவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள். திரும்பிப் பார்ப்பதற்குள் சொம்பின் அடி உருகி, சொம்பே அப்படிச் சாய்ந்து, பர்னர் மேல் வெள்ளியாக ஓடிவிட்டது.

நான் வந்தபோது அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். "அம்மா சொம்ப நானே கொன்னுபோட்டேன் அக்கா" என்றாள். வயிற்றில் பிள்ளையோடு இப்படி அழுகிறாளே என்று எனக்குத் திக்கென்றது. "அட, இதுக்கு எதுக்குக் கண்ணு அழுவற? ஊட்ல ஈயமா இல்ல? இதவிடப் பெரிய சொம்பாச் செஞ்சு உன்ர கட்டுச்சோத்துக்கு நான் சீராக் கொண்டாரேன், பாரு" என்று சொல்லிவிட்டேன். எங்கள் பக்கத்தில் ஏழாம் மாதம் உறவுக்காரர்கள் வகைவகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய்க் கர்ப்பிணிக்கு விருந்து போடுவோம். அதுதான் கட்டுச்சோறு. அவளுக்கு அது ஆவணிக் கடைசியில் வைப்பதாக இருந்தது.

சொன்னபடியே செய்ய வேண்டுமே! உருகிக் கிடந்த அம்மாவின் ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். அடியில் தேய்ந்து தேய்ந்து மெலிந்துபோன சொம்பு அது. கையில் வந்தது ஒரு சின்ன உருண்டை. போதாது. என் கணவர் ஜிக்குக்காகக் கட்டி கட்டியாக உருக்கி வைத்திருந்ததில் இரண்டு கட்டியை எடுத்தேன். வீட்டிலேயே எல்லாவற்றையும் கரண்டியில் போட்டு ஒன்றாக உருக்கி, ஒரே கட்டியாகக் கொண்டு போகலாம் என்றுதான் அடுப்பைப் பற்ற வைத்தேன். பாதியில் கேஸ் தீர்ந்துபோனது. அடுத்த சிலிண்டர் வர இரண்டு நாளாகும் என்றார்கள். சரி, தனித்தனியாகவே கொண்டு போவோம், கடைக்காரர் உருக்கிக்கொள்ளட்டும் என்று ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். அந்தச் சிலிண்டர் இன்னும் பத்து நிமிடம் எரிந்திருந்தால் இந்தக் கதையை எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

பெரிய கடைவீதிப் பக்கம் ஒரு சந்தில் பாத்திரக்கடை. பழைய ஈயச் சொம்பைக் கொடுத்தால் பின்கட்டில் உருக்கிப் புதிதாகச் செய்து தருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். கல்லாவில் என் வயதை ஒத்த ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு யாரையோ போனில் விரட்டிக்கொண்டிருந்தார். நான் விஷயத்தைச் சொல்லிப் பையைக் கவிழ்த்தேன்.

அம்மாவின் உருண்டையை எடுத்துப் பார்த்து, "நல்ல பழைய ஈயமுங்க" என்றார். அடுத்து எங்கள் கட்டியை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. மேலும் கீழும் அசைத்துக் கனம் பார்த்தார். "ஏனுங்கக்கா, இது எங்க வாங்கினீங்க?" என்று கேட்டார்.

"அதும் ஈயந்தானுங்க. வெச்சிருந்து கறுத்துப்போச்சு. தேச்சா வெளுத்துக்கும்" என்றேன்.

"இதுல சொம்பு செய்ய மாட்டமுங்க" என்றார் அவர், கட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு.

எனக்கு வந்ததே கோபம்! புதுச் சொம்பை என் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டேன். "செஞ்சு குடுக்க மனசில்லீன்னா சொல்லிப்போடுங்க, நான் வேற கடைக்குப் போறேன். ஈயம் ஈயந்தானுங்களே? நாங்கெல்லாம் பொறந்ததிலிருந்து ஈயச் சொம்பு ரசத்துல வளந்தவங்க, எங்களுக்கே சொல்றீங்களா?" என்று சத்தமாகவே கேட்டேன். கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பில் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். எங்கள் கட்டியைத் தாளின் மேல் வைத்து இழுத்தார். பென்சிலால் கோடு போட்ட மாதிரி கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. பிறகு அம்மாவின் உருண்டையை அதே தாளில் இழுத்தார். கோடென்று சொல்லும்படி ஒன்றும் விழவில்லை. உள்ளேயிருந்து ஒரு புது ஈயப் பட்டையை எடுத்து வரச் சொல்லி, என் காதோரம் வைத்து வளைத்தார். கறகறவென்று அது முனகியது. எங்கள் கட்டியைச் சுத்தியால் தட்டி வளைத்தார். அது சத்தமே இல்லாமல் வளைந்தது.

"சோத்துக்கு வெக்கறது வெள்ளீயமுங்க. நீங்க கொண்டாந்தது காரீயம். நம்மாளுக ரெண்டையும் ஈயம்னே சொல்லிப்போடறாங்க. ஆனா இது விசமுங்கக்கா. இதுல புளிய ஊத்திக் கொதிக்க வெச்சா அப்படியே ரசத்துல எறங்கும்" என்றார்.

கடையில் சத்தம் எல்லாம் எங்கேயோ போன மாதிரி இருந்தது எனக்கு. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். "இது உங்க ஊட்டுக்கு எப்படி வந்துச்சு?" என்று கேட்டார். சொன்னேன். "எங்க வெச்சுக் காச்சுவீங்க?" சமையலறையில் என்றேன். "ஜன்னல்?" ஆடிக் காற்றுக்குச் சாத்தியிருக்கிறது என்றேன். "எதுல காச்சினீங்க?" என்று அடுத்துக் கேட்டார். தரையைப் பார்த்துக்கொண்டு, தாளிப்புக் கரண்டியில் என்றேன். சொன்னதும் அவர் தன் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"ஊட்ல சின்னக் குழந்தைக யாராச்சும் இருக்காங்களா?"

"என்ர தங்கச்சி. ஆறாம் மாசம்" என்றேன். அவ்வளவுதான், அந்தக் கடையில் அத்தனை பேர் முன்னால் ஓவென்று அழுதுவிட்டேன். சற்றுமுன் சண்டைக்கு நின்ற அதே வாய்தான்.

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். நான் பேசிய பேச்சுக்கு அதுதான் நியாயம். அவரோ தண்ணீர் கொடுத்தார். தோளைத் தொட்டார். தாளில் கோடு போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே 'காரீயம்' என்று எழுதி என் கையில் கொடுத்தார். "டாக்டர்கிட்டப் போயி ஈயம்னு சொல்லிப்போடாதீங்க. அவங்களும் சொம்புன்னு நெனச்சுக்குவாங்க. லெட்டுன்னு சொல்லுங்க. இன்னிக்கே போங்க. அழுதுட்டு நிக்காதீங்க, நிப்பாட்டினா ஒடம்புல இருக்கறது கொறையும்னு சொல்றாங்க" என்றார். ஆட்டோவை அவரே கைகாட்டி நிறுத்தினார். அம்மாவின் உருண்டையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார், அதில் எவ்வளவு வருமோ அவ்வளவுக்குச் செய்து வைக்கிறேன் என்று.

ஆட்டோவில் வந்த அரைமணி நேரத்தில் நான் யோசித்ததெல்லாம் ஒன்றுதான். அவளிடம் எப்படிச் சொல்வது? ஒருவேளை சொல்லாமலே வேறு காரணம் சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகலாமா என்றுகூட நினைத்தேன். அந்த நினைப்பு வந்ததற்கு இன்றும் வெட்கப்படுகிறேன். வீட்டுக்கு வந்தால் அவள் ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "சொம்பு செய்ய முடியாதுன்னுட்டாங்களா?" என்று கேட்டாள். நான் தரையில் உட்கார்ந்து, அவள் காலைப் பிடித்துக்கொண்டு, கரண்டி வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு கையையும் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்க் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டுக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை. திரும்பி வந்து துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, நீயும் மாமாவும் அதே ரசத்தத்தான தின்னீங்க? உனக்கும் ரத்தம் எடுக்கச் சொல்லோணும், கெளம்பு" என்றாள். என்னை அடித்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது.

டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். திட்டவில்லை, எத்தனை வாரமாக என்று மட்டும் கேட்டுக் குறித்துக்கொண்டார். மூன்று பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வெளியூரிலிருந்து வர ஐந்து நாள் ஆகும், அதுவரை அவள் அந்த வீட்டில் இருக்கக் கூடாது, பால், கீரை, பேரீச்சம்பழம் நிறையக் கொடுங்கள், கொடுத்த இரும்பு மாத்திரையையும் கால்சியம் மாத்திரையையும் ஒருவேளை விடாமல் போடுங்கள் என்றார். அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்காரர் கார் எடுத்து வந்து அந்தியூருக்குக் கூட்டிப்போனார். அவரும் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. வாசலில் நின்று கைகாட்டினேன். கார் திரும்பிய பிறகு உள்ளே வந்தால் சமையலறையில் அவள் உட்காரும் இடம், நெயில் பாலிஷ் குப்பிகள், பாதி வர்ணம் பூசிய குண்டுகள். எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அத்தோடு முடிந்தன.

என் கணவர் அன்று கம்பெனியிலிருந்து வந்து, நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, சட்டையைக்கூட மாற்றாமல், அச்சு, கட்டி, கரண்டி, வார்த்த ஜிக் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் போட்டு மூடினார். பெருக்கினால் தூசி பறக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சமையலறையை ஈரத் துணியால் மூன்று நாள் துடைத்தார். சுவர், அலமாரி, சிலிண்டருக்குப் பின்பக்கம் என்று ஓர் இடம் விடவில்லை. ஜன்னலை அகலத் திறந்து வைத்தார். காற்று வந்து டப்பாக்களை உருட்டியது. நான் எடுத்து வைக்கவே இல்லை.

அந்த ஐந்து நாளும் நான் மெஷினில் உட்காரவில்லை. இரண்டு பிள்ளை ஏற்கெனவே தங்காமல் போனவள், மூன்றாவதையும் நான் கெடுத்துவிட்டேனோ என்றே நினைப்பு. கண்ணை மூடினால் அந்தக் கறுப்புக் கோடுதான் தெரிந்தது. போன் அடித்தாலே பதறுவேன். ஐந்தாம் நாள் டாக்டரே கூப்பிட்டார். மூன்று பேருக்கும் இருக்கிறது, இருக்கலாம் என்கிற அளவுக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் சீக்கிரம் தெரிந்தது நல்லதாகப் போயிற்று, நிறுத்தியாயிற்று என்பதால் குறையும், மறுபடி பார்ப்போம் என்றார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது குறைந்திருந்தது. அதற்கடுத்த முறை இன்னும் குறைந்தது. அன்று கேஸ் தீராமல் இரண்டு ஈயமும் ஒன்றாகக் கலந்து, கடையில் யாருக்கும் தெரியாமல் அது சொம்பாகி, இன்னும் பல மாதம் அந்தச் சொம்பு ரசமே அவளுக்கு ஆகாரமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

கட்டுச்சோற்றுக்கு முந்தின நாள் பாத்திரக்கடைக்குப் போனேன். அம்மாவின் ஈயத்தில் செய்த சொம்பு உள்ளங்கையில் அடங்குகிற அளவுக்கு இருந்தது. ஒருவர் ரசத்துக்குத்தான் போதும். கடைக்கார அம்மா நான் கேட்காமலேயே ஒரு தாளை எடுத்து அதன் மேல் சொம்பைத் தேய்த்துக் காட்டினார். அதைச் சபையில் தங்கையிடம் கொடுத்தேன். இனி என் கையால் எதை வாங்கினாலும் அவளுக்கு ஒரு நொடி யோசனை வரும், அது நியாயம்தான் என்று மனதைத் தயார்படுத்தி வைத்திருந்தேன். அவள் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, "அம்மா சொம்பு குட்டி போட்டிருக்குது" என்றாள். பந்தியே சிரித்தது. நான் பின்கட்டுக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

கார்த்திகையில் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். எல்லோரும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தபோது நான் குழந்தையின் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காரீயத்தின் வேலை பிறந்த உடனே தெரியாது, மூளை வளர்ச்சியில்தான் தெரியும் என்று எங்கேயோ படித்துத் தொலைத்திருந்தேன். அதனால் அவள் எப்போது குப்புற விழுந்தாள், எப்போது உட்கார்ந்தாள் என்று பெற்றவளைவிட நான்தான் கணக்காகப் பார்த்தேன். ஒன்றரை வயதாகியும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. "வரும் அக்கா, மாமா மாதிரி அமுக்கமா இருக்கறா" என்பாள் தங்கை. எனக்குச் சோறு இறங்காது. இரண்டு வயதை நெருங்கும்போது ஒருநாள் திடீரென்று வாயைத் திறந்தாள். அன்றைக்குத் திறந்த வாயை இன்னும் மூடவில்லை.

என் கணவர் ஒரு வருடம் தூண்டிலையே தொடவில்லை. நான்தான் போங்கள் போங்கள் என்று அனுப்பினேன். இப்போது வெள்ளீயத்தில்தான் ஜிக் வார்க்கிறார். கனம் குறைவு, அதனால் கொஞ்சம் பெரிதாக வார்க்க வேண்டியிருக்கிறது. கடைக்கார அம்மா உடைந்த சொம்புத் துண்டுகளை எங்களுக்கென்று எடுத்து வைக்கிறார். மொட்டை மாடியில், தனி அடுப்பில், தனிக் கரண்டியில்தான் வேலை. சமையலறைப் பக்கம் அந்தச் சாமான் வராது. யாராவது அவருக்குப் போன் செய்து, "வீட்லயே ஜிக் செய்யறதுக்கு எப்படிங்க ஆரம்பிக்கறது?" என்று கேட்டால், போனை நான் பிடுங்கிக்கொள்வேன். அச்சைப் பற்றி அப்புறம் பேசுவோம், முதலில் உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள் என்று ஆரம்பிப்பேன்.

குழந்தைக்கு இப்போது மூன்று வயது தாண்டிவிட்டது. லீவுக்கு வந்தால் வீடு முழுக்க என் பின்னாலேயே சுற்றுவாள். ஒவ்வொரு பொருளாகத் தொட்டு, "பெரிம்மா, இது என்ன? இது எதுல செஞ்சது?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். பேர் தெரிந்துவிட்டதாலேயே பொருளும் தெரியும் என்று நினைத்து, என் தங்கையின் மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுக்க இருந்தவள் நான். அதனால் உண்மையிலேயே தெரியாதபோது இப்போதெல்லாம் குழந்தையிடமே, "தெரியல கண்ணு, கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிடுகிறேன். அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை, ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்க அவள் இருக்கிறாள்.